விசில் இல்லாத நாற்காலி: கல்லூரிக் கூடைப்பந்து நிர்வாகத்தில் நோலன் ஸ்மித்

2010 ஏப்ரல் 5 இரவு இண்டியானாபொலிஸ் நகரில் ட்யூக் பல்கலைக்கழக அணி பட்லர் அணியை 61-59 என்று வென்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் பட்டத்தை எடுத்தது. பட்லரின் கோர்டன் ஹேவர்ட் கடைசி நொடியில் நடுக்கோட்டுப் பக்கமிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. ட்யூக் அணியில் 2ஆம் எண் சட்டை போட்டிருந்தவர் நோலன் ஸ்மித். ஒரு வாரம் முன்பு ஹூஸ்டனில் பேய்லர் அணிக்கு எதிராக 29 புள்ளி எடுத்து அணியை இறுதிக் கட்டத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய அப்பா டெரெக் ஸ்மித், லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக இதே பட்டத்தை இதே இண்டியானாபொலிஸில் 1980இல் வென்றவர். டெரெக் 1996இல், 34 வயதில், மாரடைப்பால் இறந்தபோது வாஷிங்டன் புல்லட்ஸ் அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். நோலனுக்கு அப்போது எட்டு வயது.

அடுத்த பருவத்தில் நோலன் ஸ்மித் சராசரியாக 20.6 புள்ளி எடுத்து ட்யூக் ஆடும் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் (பல கல்லூரிகள் சேர்ந்த போட்டிக் குழு) ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். 2011இல் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் 21ஆவது ஆளாக போர்ட்லேண்ட் அணி அவரை எடுத்தது. அங்கே இரண்டு பருவம், பிறகு குரோஷியாவின் செடெவிடா, துருக்கியின் கலாட்டாசராய். முழங்கால் காயம் ஆட்டத்தை முடித்தது. 2016இல் ட்யூக்குக்கே திரும்பி, தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் சிறப்பு உதவியாளராகச் சேர்ந்தார். 2018இல் கூடைப்பந்து ஆபரேஷன்ஸ் (பயணம், அட்டவணை, அன்றாட நிர்வாகம்) மற்றும் வீரர் மேம்பாட்டு இயக்குநர். 2021 ஏப்ரலில் உதவிப் பயிற்சியாளர்.

2016க்கும் 2021க்கும் நடுவில் உள்ள அந்த ஐந்து ஆண்டுகள்தான் இந்த ஆய்வின் பொருள். பெரிய பெயருள்ள முன்னாள் வீரர் ஒருவரை நிர்வாக நாற்காலியில் உட்காரவைத்தால் அவருக்கு எது கைவருகிறது, எது வராமலே போகிறது என்பதை ஸ்மித்தின் பாதையைப் போல வெளிப்படையாகக் காட்டும் வேறு உதாரணம் கிடைப்பது கடினம்.

சட்டம் போட்ட கோடு

முதலில் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அன்றைக்கு ஓர் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்கு பயிற்சியாளர்களை மட்டுமே அனுமதித்தது: ஒரு தலைமைப் பயிற்சியாளர், மூன்று உதவிப் பயிற்சியாளர்கள். ஆபரேஷன்ஸ் இயக்குநர், சிறப்பு உதவியாளர், வீடியோ ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் அந்தக் கணக்குக்கு வெளியே. பயிற்சி நடக்கும்போது அரங்கில் நிற்கலாம். ஆட்டத்தன்று பெஞ்சில் உட்காரலாம். பயிற்சியாளர்களோடு அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கலாம், உத்தி பேசலாம். ஆனால் வீரனைப் பார்த்து "இடது காலை முன்னால் வை, பிறகு திரும்பு" என்று சொன்ன அந்த நொடியில் அது விதிமீறல். வெளியூர் போய்ப் பள்ளி வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும் அவருக்குக் கிடையாது.

நான்கு ஆண்டு அதே அரங்கில் அந்த நகர்வுகளைச் செய்து, அதிலேயே என்.பி.ஏ. போன மனிதர் பக்கவாட்டுக் கோட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 19 வயதுப் பையன் ஒருவன் பிக்-அண்ட்-ரோல் என்ற இருவர் நகர்வில் தவறான பக்கம் திரும்புவதைப் பார்க்கிறார், அதைச் சரிசெய்ய ஐந்து சொல் போதும். அந்த ஐந்து சொல்லை உதவிப் பயிற்சியாளரிடம்தான் சொல்ல முடியும், பையனிடம் முடியாது.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி பாடம். பயிற்சியாளர் கணக்கில் வராத ஊழியர்கள் பயிற்சி வேலையில் இறங்கினார்கள், அனுமதித்த நேரத்துக்கு மேல் பயிற்சி நடந்தது என்று தெரியவந்து, 2010 நவம்பரில் மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை வந்தது. பல்கலைக்கழகமே முன்வந்து 130 மணி நேரப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் கோடு எங்கே இருக்கிறது என்பது தூக்கத்தில்கூடத் தெரியும்.

ஓர் ஆட்டத்தைப் பின்னாலிருந்து கட்டுவது

வீரனாக இருந்தவனுக்குப் பேருந்து வாசலில் நிற்கும், சாப்பாடு மேசையில் இருக்கும், அறைச் சாவி கையில் வரும். ஆபரேஷன்ஸ் இயக்குநராக ஆனதும் அவை ஒவ்வொன்றும் யாரோ மூன்று வாரம் முன்பு போட்ட கையெழுத்து என்று புரியும்.

இரவு 7 மணி வெளியூர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். திட்டம் எப்போதும் 7 மணியில் தொடங்கிப் பின்னோக்கி ஓடும். ஆட்டம் தொடங்க 10 நிமிடம் முன்பு, அதாவது 6.50க்குள், ஆடக்கூடிய எல்லா வீரர்களின் பெயரும் சட்டை எண்ணும், தொடங்கும் ஐவரும் ஸ்கோர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு புத்தகத்தில் பெயரோ எண்ணோ திருத்தினால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு இலவச எறிதல். சட்டையில் இரத்தம் பட்டு மாற்றுச் சட்டை போடும் வீரன், கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட உதவித்தொகை இல்லாத வீரன், இவர்களுடைய எண்கள்தான் வழக்கமாகத் தப்பும். எழுதியவரே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. எழுதுவது ஒருவர், வீரனின் முதுகைப் பார்த்து ஒப்பிடுவது இன்னொருவர் என்று பிரித்துவிடுவதே வழி.

அரங்கத்துக்குப் போய்ச் சேருவது 5.30. பேருந்து 5.15க்குக் கிளம்ப வேண்டுமென்றால் வீரர்களுக்கு 5.05 என்று சொல்வார்கள். ஆட்டத்துக்கு முந்தைய சாப்பாடு 3 மணிக்கு, நான்கு மணி நேர இடைவெளியில். பொரித்தது கிடையாது. கோழி, பாஸ்தா, சோறு, முட்டை, பழம். 40 பேர் வந்திருந்தால் 40 பங்கு போதாது, வீரர்கள் இரண்டு தடவை எடுப்பார்கள், ஆகவே கோழியும் பாஸ்தாவும் 60 பங்கு. காலை 11 முதல் 12 வரை எதிரணியின் அரங்கத்தில் லேசான எறிதல் பயிற்சி. முந்தைய நாள் மாலை அணிக்கென்றே வாடகைக்கு எடுத்த சார்ட்டர் விமானம்.

கல்லூரிக் கூடைப்பந்தில் பந்துக்கு ஒரே பிராண்டு இல்லை. உள்ளூர் அணி தேர்ந்தெடுக்கும் பந்தில்தான் ஆட வேண்டும். ஓர் ஊரில் நைக்கி, இன்னோர் ஊரில் ஸ்பால்டிங், மார்ச் மாதத் தேசியப் போட்டியில் வில்சன். தோலின் சொரசொரப்பும் பள்ளத்தின் ஆழமும் வேறு வேறு. எதிரணி எந்தப் பந்தில் ஆடுகிறது என்று விசாரித்து, அதே பந்து ஆட்டத்துக்குச் சில நாள் முன்னதாகவே பயிற்சி அரங்கில் இருக்கும்படி செய்வதும் இந்த நாற்காலியின் பொறுப்பு. மறந்தால் விரல் நுனி மறக்காது.

விடுதியில் ஒரு பெரிய ஹால் வேண்டும், நடுவில் தூண் இருக்கக் கூடாது. ஆட்டத்தன்று மாலை அந்தத் தரைவிரிப்பின் மேல் டேப் ஒட்டிப் பாதி ஆடுகளம் வரைவார்கள். மாணவ மேலாளர்கள் முழங்காலிட்டு ஒட்டுவார்கள், அளவைச் சரிபார்ப்பது இயக்குநர். அடிக்கோடு 50 அடி. அதன் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் 6 அடி அளந்தால் வளையத்துக்குக் கீழே உள்ள 12 அடி அகலக் கட்டம். அடிக்கோட்டிலிருந்து 19 அடியில் ஃப்ரீ த்ரோ கோடு. வளையத்தின் மையம் அடிக்கோட்டிலிருந்து 5 அடி 3 அங்குலம். அந்தப் புள்ளியில் ஒருவர் அளவு நாடாவின் முனையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 22 அடி 1¾ அங்குலத்தில் மூன்று புள்ளி வளைவைச் சுற்றி வருவார். இந்தத் தூரம் 2019-20 பருவத்தில் வந்தது, அதற்கு முன்பு 20 அடி 9 அங்குலம். அந்த ஆண்டு பழைய அளவை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் விடுதி ஹாலில் தவறான கோடு போட்டால், மூலையில் நிற்கப் பழகும் வீரன் கிட்டத்தட்ட ஓரடி உள்ளே நின்று பழகிவிடுவான்.

டேப் கணக்கையும் பாருங்கள். அடிக்கோடு 50, கட்டத்தின் இரு பக்கம் 38, ஃப்ரீ த்ரோ கோடு 12, ஆக 100 அடி. வளைவும் மூலையின் நேர்க்கோடுகளும் ஏறத்தாழ 80 அடி. ஒரு ரோல் 180 அடி. கிழிசல், மடிப்பு போக மிச்சம் இருக்காது. அதனால் இரண்டு ரோல் பையில் இருக்கும், அல்லது வளைவை முழுக்க ஒட்டாமல் இரண்டடிக்கு ஒரு துண்டு வைத்துவிடுவார்கள். சுவருக்கு வர்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப்தான் சரி. குழாய்க்குச் சுற்றும் சாம்பல் டேப் தரைவிரிப்பில் பசையை விட்டுப் போகும், விடுதிக்காரர் சுத்தம் செய்யும் செலவைப் பில்லில் சேர்ப்பார்.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதும் திட்டத்தில் உண்டு. பேருந்தில் சாப்பாட்டுப் பெட்டி. விமான நிலையத்தில் பனிமூட்டம் என்றால் மாற்று வழி. இங்கேதான் அனுபவம் இல்லாதவர் மாட்டிக்கொள்வார். விமானம் இல்லையென்றால் அதே பேருந்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் பயணிகள் பேருந்தின் ஓட்டுநர் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பணியில் 15 மணி நேரம் ஆனபின் வண்டியை ஓட்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. காலை 10 மணி முதல் அணியோடு பணியில் இருக்கும் ஓட்டுநரிடம் இரவு 11 மணிக்கு மிச்சம் இரண்டு மணி நேரம்தான். மாலை 6 மணிக்கே வானிலையைப் பார்த்து இரண்டாவது ஓட்டுநருக்குச் சொல்லி வைத்தவர் தப்பிப்பார்.

கைக்காசு விஷயமும் அப்படித்தான். அணியே சாப்பாடு போட்ட வேளைக்குக் கைக்காசும் கொடுத்தால் அது கூடுதல் சலுகை, விதிமீறல். வேளைவாரியாகக் கையெழுத்துத் தாள் வைக்க வேண்டும். விமானத்தில் சாண்ட்விச் கொடுத்ததை மறந்து இரவுச் சாப்பாட்டுக் காசையும் கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிசகு.

மணிக்கணக்குப் புத்தகம்

பருவ காலத்தில் ஒரு வீரனிடம் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் புத்தகத்தில் 3 மணி நேரம்தான். பயிற்சி, கட்டாய வீடியோ, எடைப் பயிற்சி, விடுதி ஹாலில் நடந்து பார்ப்பது எல்லாம் கணக்கில் சேரும். பயணம், காயத்துக்குக் கட்டுப் போடுவது, சாப்பாடு, பத்திரிகைச் சந்திப்பு சேராது. பெரிய கான்ஃபரன்ஸ்களில் இரவு 9 முதல் காலை 6க்குள் தொடர்ந்து எட்டு மணி நேரம் வீரனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதி 2017இல் கூடுதலாக வந்தது.

புதனும் சனியும் ஆட்டம் உள்ள வாரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆட்டத்துக்கு 6 மணி. மிச்சம் 14. ஞாயிறு ஓய்வு. திங்கள் 4, செவ்வாய் 3, வியாழன் 3½, வெள்ளி 3 என்று போட்டால் 13½ மணி, கையிருப்பு அரை மணி. புதன் ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். வியாழக்கிழமை அரை மணி வீடியோ கூட்டம் கோபத்தில் 70 நிமிடமாக நீளுகிறது. கூடுதலாக 40 நிமிடம். அன்றைய கணக்கு 4 மணி 10 நிமிடம், நாள் வரம்பு போயிற்று. வாரக் கணக்கு 20 மணி 10 நிமிடம், அதுவும் போயிற்று. ஒரே கூட்டத்தில் இரண்டு மீறல். நாட்டிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து எழுந்து போய் "சார், நேரம் ஆகிவிட்டது" என்று காதில் சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? அவர் கீழேயே ஆடியவன், அவர் நம்புகிறவன் என்றால் வரும். முன்னாள் வீரரை இந்த இடத்தில் வைப்பதற்கு எங்கள் பார்வையில் மிக வலுவான காரணம் இதுதான்.

"விருப்பப் பயிற்சி" என்பது இன்னொரு பொறி. அது விருப்பப் பயிற்சி ஆக வேண்டுமென்றால் வீரனே கேட்டிருக்க வேண்டும், வந்தவர் வராதவர் பட்டியல் எடுக்கக் கூடாது, பயிற்சியாளரிடம் தகவல் போகக் கூடாது, வராதவனுக்கு எந்தத் தண்டனையும் கூடாது. அரங்கின் கதவருகே யாரோ ஆர்வத்தில் ஒரு கையெழுத்து நோட்டை வைத்தாலே அத்தனை மணி நேரமும் கட்டாயப் பயிற்சியாகக் கணக்கில் ஏறிவிடும்.

2018-19: ஒரே பருவத்தில் எல்லாம்

ஸ்மித் இயக்குநரான முதல் பருவம் ஸயன் வில்லியம்சன், ஆர்.ஜே. பேரட், கேம் ரெடிஷ் ஆடிய பருவம். ஆகஸ்டிலேயே கனடாவில் மூன்று ஆட்டம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அனுமதிக்கப்படும் வெளிநாட்டுப் பயணம் அது. அதற்காகக் கோடையில் 10 நாள் கூடுதல் பயிற்சியும் கிடைக்கும், புதுப் பையன்கள் நிறைந்த அணிக்கு அந்தப் பத்து நாள்தான் உண்மையான லாபம். நவம்பரில் ஹவாயின் மாவி தீவில் மூன்று நாளில் மூன்று ஆட்டம், வீட்டு நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால்.

2019 பிப்ரவரி 20, ட்யூக்கின் சொந்த அரங்கமான கேமரனில் வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸயனின் இடது ஷூ அடிப்பாகத்தோடு பிய்ந்தது. முழங்காலில் லேசான சுளுக்கு. நைக்கியின் ஆட்கள் மறுநாளே ட்யூக்கின் ஊரான டர்ஹமுக்கு வந்து பார்த்து, பிறகு சீனாவுக்குப் போய் வலுவூட்டிய ஷூ செய்வித்துக் கொடுத்தார்கள். மார்ச் 14 அன்று சிரக்யூஸுக்கு எதிராக அவர் அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். 13 எறிதல், 13ம் உள்ளே, 29 புள்ளி. ஷூ, சட்டை, பந்து ஆகியவை அணிக் கிடங்கின் சில்லறை விவரம் என்று நினைத்திருந்த பல அணிகள் அந்த வாரம் தங்கள் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கும்.

பிறகு மார்ச். தேசியப் போட்டியில் ஞாயிற்றுக்கிழமை மாலை அணிகள் அறிவிக்கப்படும், வியாழனோ வெள்ளியோ ஆட்டம். விமானம், விடுதி, இசைக்குழு, பெற்றோர் டிக்கெட் எல்லாம் மூன்று நாளில். இசைக்குழுவில் 29 பேருக்கு மேல் கூடாது. வீரருக்கு வழக்கமான ஆட்டத்தில் 4 இலவச அனுமதி, தேசியப் போட்டியில் 6. அந்த இரண்டு கூடுதல் இடத்துக்குத்தான் குடும்பத்துக்குள் பெரிய பேச்சுவார்த்தை நடக்கும். பெயர்ப் பட்டியல் மூடும் நேரத்தை எழுத்தில் கொடுக்காத அணியில் ஆட்டத்தன்று மாலை வீரனின் கைபேசி ஓயாது.

அந்த ஆண்டு ட்யூக் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் மத்திய ஃபுளோரிடாவை 77-76 என்று வென்றது. வாஷிங்டனில் வர்ஜீனியா டெக்கை 75-73. இரண்டு நாள் கழித்து, மார்ச் 31 அன்று, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று தோற்றது. மூன்று ஆட்டம், மொத்த வித்தியாசம் நான்கு புள்ளி. நிர்வாக மேசையிலிருந்து பார்த்தால் இதற்கு என்ன பொருள்? ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி விநாடி வரை இரண்டு முழுத் திட்டமும் உயிரோடு இருக்க வேண்டும். வென்றால் அடுத்த ஊர், தோற்றால் அன்றிரவே வீடு. மார்ச் 31இல் ஒரு கையில் மினியாபொலிஸ் விடுதி அறைகள், பயிற்சி நேரம், அங்கே வரப்போகும் குடும்பங்களின் பட்டியல். மறுகையில் டர்ஹமுக்கு ஒரு விமானம். ஒரு புள்ளியில் முதல் கை காலியானது. உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டிருக்கும் 18 வயதுப் பையன்களை 75 நிமிடத்தில் பேருந்தில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் வேலை தெரிந்தவன் மட்டும் போதாது, அப்படி ஒரு தோல்வியை அனுபவித்தவன் வேண்டும். ஸ்மித்தின் கடைசி கல்லூரி ஆட்டமும் இதே கட்டங்களில் ஒன்றில், 2011இல் அரிசோனாவிடம் 93-77 என்று தோற்று முடிந்ததுதான்.

ஆட்டங்களைப் பேசி முடிக்கும் ஒப்பந்த வேலையையும் பல அணிகளில் இதே மேசைதான் பார்க்கும். சிறிய கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் அரங்குக்கு வரவழைக்கும் ஆட்டம் பெரிய அணிக்கு உறுதியான வெற்றி, சிறிய அணிக்கு ஆண்டு வரவு. 2019 நவம்பர் 26 அன்று அப்படி ஓர் ஆட்டத்தில் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் அணி முதலிடத்தில் இருந்த ட்யூக்கைக் கூடுதல் நேரத்தில் 85-83 என்று வீழ்த்தியது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளிடம் கேமரன் அரங்கில் 150 ஆட்டமாகத் தோற்காத வரிசை அங்கே நின்றது.

தொற்றுக் காலம்

2020 மார்ச் 12 அன்று கான்ஃபரன்ஸ் போட்டி பாதியில் நின்றது, தேசியப் போட்டி ரத்தானது. அடுத்த பருவம் நவம்பர் 25இல் தாமதமாகத் தொடங்கியபோது, வீரர், பயிற்சியாளர், ஊழியர் எல்லாருக்கும் வாரம் மூன்று பரிசோதனை, அடுத்தடுத்த நாளில் இல்லாமல். புதன், சனி ஆட்டத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். முடிவு வரும் நேரமும் பேருந்து கிளம்பும் நேரமும் மோதாமல் இருக்க வேண்டும். விமானத்தில் யார் பக்கத்தில் யார் என்பது முன்பு யாரும் கவலைப்படாத விஷயம். இப்போது ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த இருக்கைப் படம்தான் மருத்துவக் குழு முதலில் கேட்கும் தாள். அத்தனை கவனத்துக்குப் பிறகும் 2021 மார்ச் 11 அன்று, கிரீன்ஸ்பரோவில் கான்ஃபரன்ஸ் போட்டியின் காலிறுதிக்கு முன்பு, ஒரு பரிசோதனை பாசிட்டிவ் வந்தது. 13-11 என்ற வெற்றி-தோல்விக் கணக்கோடு பருவம் அப்படியே முடிந்தது. 1995க்குப் பிறகு முதல் முறையாக ட்யூக் தேசியப் போட்டியில் இல்லை.

அந்தக் காலத்தில் ஸ்மித் செய்த ஒரு வேலை எந்தப் பணி விவரப் பட்டியலிலும் வராது. 2020 ஆகஸ்ட் 27 அன்று, கறுப்பின மக்களுக்கு எதிரான வன்முறையைக் கண்டித்து, கேமரன் அரங்கின் வெளியே விளையாட்டு வீரர்கள் கூடிய போராட்டத்தை முன்னின்று நடத்தினார், பேசினார். பதவியின் பெயரில் உள்ள "வீரர் மேம்பாடு" என்ற சொல்லுக்கு நாங்கள் பார்த்த மிக நேர்மையான விளக்கம் அது. விளையாட்டு நுணுக்கம் சொல்லித்தரத் தடை இருந்தவர் மீதி எல்லாவற்றிலும் பையன்களோடு நின்றார்.

கோட்டைத் தாண்டியபின்

2021 ஏப்ரலில் நேட் ஜேம்ஸ், ஆஸ்டின் பீ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போனதால்தான் ட்யூக்கில் ஓர் இடம் காலியானது, ஸ்மித் விசில் எடுத்தார். திறமை முந்தைய ஐந்து ஆண்டும் இருந்தது, நாற்காலி இல்லை. 2023 ஜூலை 1 முதல் என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்து அணிக்கு இன்னும் இரண்டு பேரைப் பயிற்சி கொடுக்க அனுமதித்தது, வெளியூர்த் தேடல் மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு. ஸ்மித் போன்றவர்கள் பக்கவாட்டுக் கோட்டில் மௌனமாக நின்ற ஆண்டுகளை அந்தத் திருத்தம் திருப்பிக் கொடுக்காது. எங்கள் தீர்ப்பு இதுதான்: அணியை எப்படிச் சுமப்பது என்பதை அந்த ஐந்து ஆண்டு முழுமையாகக் கற்றுத் தந்தது, அணியை எப்படிச் சேர்ப்பது என்பதைக் கற்றுத் தரவில்லை. தரவும் முடியாது, ஏனென்றால் விதியே தேடலைப் பூட்டி வைத்திருந்தது.

ஒரே பருவம் உதவிப் பயிற்சியாளராக இருந்து, ஷஷெவ்ஸ்கியின் கடைசி அணியோடு 2022இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய அரையிறுதி வரை போனார். அடுத்து லூயிவில். அப்பாவின் பல்கலைக்கழகம், தான் பிறந்த ஊர். தலைமைப் பயிற்சியாளர் கென்னி பெய்ன் அங்கேயே 1986இல் பட்டம் வென்றவர். உணர்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் முதல் மூன்று ஆட்டமும் ஒரு புள்ளியில் தோல்வி: பெல்லர்மைன் 67-66, ரைட் ஸ்டேட் 73-72, அப்பலேச்சியன் ஸ்டேட் 61-60. பருவம் 4-28. மறு பருவம் 8-24. 2024 மார்ச்சில் பெய்ன் நீக்கப்பட்டார். இந்தத் தோல்வியை ஓர் உதவிப் பயிற்சியாளர் தலையில் வைப்பது அநியாயம். என்.சி.ஏ.ஏ. விசாரணையின் நிழல், வீரர்கள் ஆண்டுதோறும் அணி மாறும் புதிய சந்தை, எல்லாம் சேர்ந்த கதை அது. பேருந்து நேரத்துக்கு வந்தும், டேப் சரியாக ஒட்டியும், மணிக்கணக்கு பிசகாமலும் 28 ஆட்டம் தோற்க முடியும் என்பதை மட்டும் அந்த ஊர் காட்டியது.

2024-25இல் மெம்ஃபிஸில் பென்னி ஹார்டவேயின் உதவியாளர், அந்த அணி 29-6. 2025 ஜூலையில் நாஷ்வில் நகரின் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட, சிறிய கான்ஃபரன்ஸில் ஆடும் கல்லூரி. ட்யூக் பணம் கொடுத்து அணிகளை வரவழைக்கும், இப்படிப்பட்ட கல்லூரிகள் நவம்பர் டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு பெரிய அரங்குகளுக்குப் பயணம் போகும். சார்ட்டர் விமானம் அபூர்வம், பேருந்து நீளம், ஊழியர் குறைவு. பின்னோக்கி ஓடும் அட்டவணை, ஓட்டுநரின் மிச்ச மணி நேரம், 60 பங்கு கோழி எல்லாம் இங்கே தலைமைப் பயிற்சியாளரின் மேசைக்கே வந்து சேரும். ட்யூக்கில் கற்றது ட்யூக்கைவிட இங்கேதான் அதிகம் உதவும்.

இந்தக் கல்லூரிக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. டென்னசி ஏ அண்ட் ஐ என்ற பெயரில் இருந்த காலத்தில், ஜான் மெக்லெண்டன் பயிற்சியில் 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பின் தேசியப் பட்டம் வென்றது. மெக்லெண்டன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வேலை பார்த்த ஊர் டர்ஹம், ட்யூக் இருக்கும் அதே டர்ஹம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஆடக் கூடாத 1944இல், வெள்ளையர்களின் ட்யூக் மருத்துவ மாணவர் அணியைக் கறுப்பின மாணவர்களின் தன் கல்லூரி அரங்கத்துக்கு வரவழைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். நேரம்: மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம். பாதை: சுற்றி வளைத்து, கார்களில். இறங்கும்போது ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார்கள். அரங்கக் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது, பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நடுவர் உண்டு, கடிகாரம் உண்டு. மெக்லெண்டனின் அணி 88-44 என்று வென்றது. நேரம் மிச்சம் இருந்தது. இரு அணியையும் கலந்து, பாதிப் பேர் சட்டையோடும் பாதிப் பேர் சட்டை இல்லாமலும், இன்னோர் ஆட்டம் ஆடினார்கள்.